கிறிஸ்தவச் சிறப்புரிமை: சொல்லின் வேரும் தமிழும்

அமெரிக்கச் சமூகவியல் எழுத்துகளைத் தமிழாக்குகிறவர்கள் தடுமாறும் சொற்களில் ஒன்று ‘கிறிஸ்டியன் பிரிவிலேஜ்’. ‘கிறிஸ்தவர்களுக்கான சலுகை’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் அங்கேயே கெட்டுவிடுகிறது. கிறிஸ்தவம் பெரும்பான்மைச் சமயமாக இருக்கும் நாட்டில், அந்தச் சமயத்தவர் என்பதாலேயே ஒருவருக்குக் கேளாமல் வந்து சேரும் ஆதாயங்களைச் சுட்டுவது அது. பெறுகிறவருக்கு அது ஆதாயம் என்றே தெரியாது, நாட்டு நடப்பாகத்தான் படும்.

வேர் லத்தீன். ‘பிரிவுஸ்’ என்றால் தனிப்பட்ட. ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். சேர்ந்து ‘பிரிவிலேகியம்’: தனியாள் ஒருவரைக் குறித்து இயற்றிய சட்டம். (நம் ‘பிரிவு’க்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போகிறது என்று வேர் கட்டிவிட வேண்டாம்.) ரோமில் அதற்கு நல்ல பெயரும் இல்லை. தனியாளைக் குறிவைத்துச் சட்டம் கொண்டுவரக் கூடாது என்ற பழைய பன்னிரு பலகைச் சட்டத்தின் தடையை ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ எடுத்துக்காட்டுகிறார். ஒரு சாராருக்கு மட்டும் உரிய நன்மை என்ற பொருள் பிறகு நிலைத்தது. சட்டத்தில் எழுதாமலே சமூகம் தரும் மேல்நிலை என்ற இன்றைய பொருளைப் பரப்பியது, வெள்ளையர் நிலை பற்றி அமெரிக்கக் கல்வியாளர் பெக்கி மெக்கின்டாஷ் 1988-இல் எழுதிய கட்டுரை. உளவியலாளர் லூயிஸ் ஷ்லாசர் 2003-இல் அந்தப் பார்வையைக் கிறிஸ்தவர் நிலைக்குப் பொருத்தி எழுதினார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஃபிலடெல்ஃபியாவின் ஞாயிற்றுக்கிழமையில் பார்க்கலாம். ஞாயிறு அன்று பல வகைச் சில்லறை வியாபாரத்தைப் பென்சில்வேனியா 1959-இல் குற்றமாக்கியது. துணியும் வீட்டுச் சாமான்களும் விற்ற யூத வியாபாரிகள் தங்கள் ஓய்வுநாளுக்காக வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை கடையை மூடுபவர்கள். அந்த இழப்பை ஞாயிறு விற்பனையில்தான் ஈடுகட்டி வந்தார்கள். சட்டம் வந்த பின், பக்கத்துக் கிறிஸ்தவக் கடைக்கு வாரம் 6 நாள், இவர்களுக்கு 5 நாள், அதிலும் வெள்ளி மாலை கிடையாது. ஆண்டுக்கு 52 நாள் வியாபாரம் போயிற்று. அவர்களில் ஒருவரான பிரான்ஃபெல்டின் வழக்கில், 1961-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது: ஞாயிறு எல்லோருக்குமான ஓய்வு நாள், சட்டம் யாருடைய வழிபாட்டையும் தடுக்கவில்லை, அதைச் செலவு மிக்கதாக்குகிறது, அவ்வளவே. ஒரு சமயத்தின் நாள் ‘பொது’ நாளாகிவிட்டால் அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பது கண்ணில் படாது. சிறப்புரிமை என்ற கருத்தின் உயிர்நிலை இதுதான்.

நாட்காட்டியும் அப்படியே. அமெரிக்கக் கூட்டரசின் 11 விடுமுறைகளில் சமயப் பண்டிகை ஒன்றே ஒன்று, 1870-இல் சட்டமான கிறிஸ்துமஸ். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் தீபாவளிக்கு முதன்முதலாக மூடியது 2024 நவம்பர் 1-இல். அதற்கு முன், எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்திய பிள்ளை ஒன்று விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், அல்லது பள்ளிக்குப் போக வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்துமஸுக்காக அப்படிக் கடிதம் எழுத நேர்ந்ததே இல்லை.

இனித் தமிழ். ‘சலுகை’ என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், விண்ணப்பம் உண்டு, திரும்பப் பெறவும் முடியும். ஜெருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு தரும் நிதியுதவி அந்த வகை. ‘தனியுரிமை’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கம்தான். ஆனால் 2017-இன் இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமைக்கே அது வழங்குகிறது. ‘முன்னுரிமை’ வரிசையில் யார் முதலில் என்பதைச் சொல்வது. இலங்கையில் எம்.பி.க்களின் வசதிகளை ‘வரப்பிரசாதம்’ என்பார்கள். அருமையான சொல், ஆனால் அது வரம் கொடுத்த கையைக் காட்டிவிடுகிறது. அங்கே நாடாளுமன்ற வழக்கில் ஊன்றிய ‘சிறப்புரிமை’யே நம் தேர்வு. சட்டம் தந்த உரிமை என்ற நிழல் அதிலும் விழுவதால், முதல் முறை எழுதும்போது ‘கேளாமல் கிடைத்த மேல்நிலை’ என்று ஒரு தொடர் சேர்த்துவிடுங்கள்.

இந்தச் சொல்லை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது பெரும் பிழை. ஆதாயம் வருவது பெரும்பான்மையிலிருந்து, சமயத்திலிருந்து அல்ல. 1950-இன் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு இடம் தந்தது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் அந்தப் பட்டியலை இழக்கிறார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அவரிடம் இருப்பதைக் ‘கிறிஸ்தவச் சிறப்புரிமை’ என்று எழுதுவது அநியாயம்.

ஆகவே நாட்டின் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்: ‘அமெரிக்காவில் கிறிஸ்தவச் சிறப்புரிமை’. ‘கிறிஸ்தவர்களின் சிறப்புரிமைகள்’ என்றால் அவர்கள் கேட்டுப் பெற்ற பட்டியல் போல ஒலிக்கும், ஒருமையே சரி.