விடுதலைத் தீர்ப்புக்கு மேல்முறையீடு: முதலில் குறுக்கு விசாரணையைப் படியுங்கள்

கொலை வழக்கில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், விடுதலையானால், அன்று மாலையே இறந்தவர் வீட்டார் சேலத்தில் வக்கீல்களைத் தேடி வந்துவிடுகிறார்கள். "ஐயா, ஐகோர்ட்டுக்குப் போகலாம், எவ்வளவு செலவானாலும் சரி" என்பார்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது. விலை பேசிவிட்டார்கள் என்ற புகார் மட்டும் இருக்கும். அந்தப் புகாரை வைத்து மேல்முறையீட்டு மனுவில் ஒரு வரிகூட எழுத முடியாது.

உரிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2009 டிசம்பர் 31 முதல், பாதிக்கப்பட்டவரே விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகளும் அதில் அடக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆவது பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 413 ஆகியிருக்கிறது. அரசு மேல்முறையீடு செய்தால் 90 நாள் கெடு உண்டு, உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதியும் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீடு வேண்டாம், தீர்ப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது.

சிக்கல் சாட்சியத்தில்தான். விடுதலையானவருக்கு நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பாகிறது. ஒரே சாட்சியத்திலிருந்து நியாயமான இரண்டு முடிவுகளுக்கு வர முடியுமானால் உயர் நீதிமன்றம் விடுதலையில் கை வைக்காது. 2007-இல் சந்திரப்பா வழக்கில் தொகுத்துச் சொல்லப்பட்ட நெறி இது.

ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் நடந்த கொலை என்று வைத்துக்கொள்வோம். வழக்கு கற்பனை, ஓட்டைகள் நான் பல கேஸ் கட்டுகளில் பார்த்தவை. இரவு ஒன்பது மணிக்கு வெட்டு, பத்தரைக்குப் புகார் பதிவு என்கிறது முதல் தகவல் அறிக்கை. அதன் மேல் மாஜிஸ்திரேட் போட்ட கையெழுத்து மறுநாள் பிற்பகல் மூன்று மணியைக் காட்டுகிறது. இந்த இடைவெளிக்கு மூடுபனியைக் காரணம் சொல்ல முடியாது. பெயர்களை யோசித்துச் சேர்க்க நேரம் இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, இறந்தவரின் தம்பி. டார்ச் வெளிச்சத்தில் எதிரியின் முகத்தைப் பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொல்கிறார். போலீஸ் விசாரணையில் பதிவான வாக்குமூலத்தில் டார்ச் இல்லை. கைப்பற்றிய பொருட்களிலும் இல்லை. டிசம்பர் மாத மலைப்பனியில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வேறெந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்தது? அடுத்து அரிவாள். எதிரி போலீசாரிடம் தந்த ஒப்புதலில், பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே சாட்சியமாகும். "நான்தான் வெட்டினேன்" என்ற வரி ஆகாது. அந்த அரிவாளும் யாரும் வந்துபோகும் பாதையோரத்தில் கிடைத்தது. எஸ்டேட்டில் அரிவாள் இல்லாத தொழிலாளர் லயன் வீடு ஏது? ஆய்வக அறிக்கை மனித ரத்தம் என்பதோடு நின்றுவிட்டால், ரத்தப் பிரிவு தெரியாமல் அது யாருடைய ரத்தம் என்று சொல்ல வழியில்லை.

இந்த வழக்கில், தம்பி என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதி அவர் சாட்சியத்தைத் தள்ளியிருந்தால் அது பிழை. உறவு மட்டுமே நம்பாமைக்குக் காரணமாகாது. அங்கே மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. இல்லாத டார்ச்சைக் காரணம் காட்டித் தள்ளியிருந்தால், சென்னையில் எவ்வளவு பெரிய வக்கீலை அமர்த்தினாலும் டார்ச் முளைக்காது.

நம் மாவட்டத்து ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் 2015-இல் கொல்லப்பட்ட வழக்கைப் பாருங்கள். முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார். ஆனாலும் திருச்செங்கோடு கோவில் கண்காணிப்புக் கேமராப் பதிவு சாட்சியமாக நிலைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோவிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் தண்டனைத் தீர்ப்பு உறுதியானது. விசாரணை நீதிமன்றம் விடுவித்த ஐந்து பேரின் விடுதலையையும் அதே அமர்வு உறுதி செய்தது. ஒரே கொலைதான், ஆனால் சாட்சியம் ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாக எடை போடப்படுகிறது. இதை வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

நகல் மனுவைத் தீர்ப்பு வந்த அன்றே போடுங்கள். வக்கீலைப் பார்க்க வரும்போது தீர்ப்போடு முதல் தகவல் அறிக்கை, மகஜர்கள் (சம்பவ இடத்தைப் பார்த்தபோதும் பொருட்களைக் கைப்பற்றியபோதும் போலீசார் எழுதியவை), பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள், நீதிமன்ற வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட குறுக்கு விசாரணையைத்தான் முதலில் படிப்பேன். அரசு வக்கீல் கேட்ட முதல் விசாரணைப் பக்கங்களை நான் பிறகுதான் புரட்டுவேன். அங்கே எல்லாச் சாட்சியும் சரியாகவே சொல்லியிருப்பார்.