குழாயோடு ஒரு சீட்டு, குழாய் இல்லாமல் ஒரு சீட்டு

"போன மாசம் ஐயாவுக்கு 12 இருந்துச்சு, இப்ப 7தான் காட்டுது. அடைப்பு கூடிருச்சா?" தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து யூரோஃப்ளோ (சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் சோதனை) சீட்டுகளோடு காரைக்குடிக்கு வரும் குடும்பங்கள் கேட்கிற கேள்வி இது. பல நேரம் அடைப்பு கூடியிருக்காது. முதல் சீட்டு, தானாகப் போனபோது எடுத்தது; இரண்டாவது, சிறுநீர்ப்பாதையில் குழாய் இருக்கும்போது எடுத்தது.

12, 7 என்பது நொடிக்கு எத்தனை மி.லி. என்ற உச்ச வேகம். ஆண்களுக்கு 15க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 10க்குக் கீழே என்றால் புராஸ்டேட் அடைப்பாகவும் இருக்கலாம், சிறுநீர்ப்பை சோர்ந்துபோனதாகவும் இருக்கலாம். எது என்று வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பையின் அழுத்தமும் தெரிய வேண்டும். அதற்குத்தான் யூரோடைனமிக் (அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கும்) சோதனையில் மெல்லிய குழாய் போடுகிறோம். சங்கடம் என்னவென்றால், அழுத்தத்தைச் சொல்லும் அதே குழாய்தான் ஓட்டத்தையும் மறிக்கிறது.

6ஆம் நம்பர் குழாயின் விட்டம் 2 மி.மீ. (மூன்று நம்பருக்கு ஒரு மி.மீ. கணக்கு). நல்ல பாதையிலேயே இது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். தழும்பால் 4 மி.மீ.க்குச் சுருங்கிய இடத்தில் கால்வாசியைக் குழாயே அடைத்துக்கொள்ளும். மீதி இடுக்கில் சிறுநீர் பாதையின் சுவரிலும் குழாயிலும் உரசிக்கொண்டு போவதால், வேகம் கால் பங்குக்கும் மேலேயே விழும். வரைபடமும் தட்டையாகி, இருக்கிற சுருக்கத்தை இன்னும் பெரிதாகக் காட்டும்.

இன்னொன்று, கவனிக்காமல் விடுவது: சிறுநீர் குழாயைப் பிடித்துக்கொண்டே வழிந்து, புனலுக்கு வெளியே துணியில் சொட்டும். மெஷின் அதைக் கணக்கில் எடுக்காது. சோதனைக்காகச் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றிய நீரின் அளவும், வெளியே வந்ததோடு உள்ளே மீந்ததும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். எரிச்சலும், ஆள் நிற்கிற கூச்சமும் சேர்ந்தால் இடுப்புத் தசை இறுகி ஓட்டம் விட்டுவிட்டு வரும். அதுவும் அடைப்பு இல்லை.

வீட்டில் 16ஆம் நம்பர் ஃபோலி (சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கும் குழாய்) போட்டிருப்பவருக்கு வேகம் என்ற பேச்சே கிடையாது. சிறுநீர் குழாய்க்குள்ளேயே இறங்கி யூரின் பேக்குக்குப் போகிறது. அங்கே பார்க்க வேண்டியது அளவை மட்டும். குழாயை எடுத்த அன்றே ஃப்ளோ பார்ப்பதும் வீண், வீக்கமும் எரிச்சலும் வேகத்தைக் குறைக்கும். அன்றைக்குப் போய் முடித்ததும் உள்ளே எவ்வளவு மீதி என்று ஸ்கேனில் பார்ப்பதே உபயோகம்.

ஆகவே குழாய் போடும் முன் ஒரு தடவை தானாகப் போகவைத்து ஃப்ளோ எடுக்க வேண்டும். 150 மி.லி.யாவது போனால்தான் எண்ணுக்கு மதிப்பு. பெரியவர்கள் பஸ் ஏறும் முன் போய்விட்டு, வழியில் தொந்தரவு வேண்டாமென்று தண்ணீரும் குடிக்காமல் வருவார்கள். வந்ததும் 80 மி.லி. போவார்கள், சீட்டு 6 என்று சொல்லும். வந்தபின் மூன்று நான்கு டம்ளர் குடித்து, நிஜமாகவே முட்டும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, கிட்னி நோயாளிகள் மட்டும் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும்.

சீட்டு வாங்கும்போது அதன் மேலேயே "குழாயுடன்" அல்லது "குழாய் இன்றி" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.