சுயேச்சையாக நிற்கிறீர்களா? வேட்புமனுவிலேயே விழாமல் இருக்கச் சில எச்சரிக்கைகள்

சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராகப் பெயர் இருக்க வேண்டும். நிற்கும் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. மக்களவைக்கு 25,000, இவர்களுக்கு அதில் பாதி 12,500.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு போனவர்கள் மனுப் பரிசீலனை நாளன்று வெளியே வந்து மரத்தடியில் நிற்பதைத் திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறேன். குளத்துத் தண்ணீருக்காகவும் பீடிக் கூலிக்காகவும் நிற்க வந்தவர்கள் அவர்கள். கட்சி வேட்பாளருக்குத் தாளைப் புரட்ட வக்கீல் கூடவே வருகிறார். இவர்களுக்கு யாரும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், உங்களுக்குப் பத்து. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்ட பிறகு, அந்த ஆண்டே விதி இப்படி இறுகியது. மனுக்கள் அதிகம் சாய்வதும் இந்தப் பத்துப் பேரிடம்தான்.

முதலில் அவர்கள் எந்தத் தொகுதி என்று பாருங்கள். திருநெல்வேலி மாநகராட்சி ஒன்றுதான், ஆனால் அது திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்று இரண்டு தொகுதிகளில் கிடக்கிறது. பக்கத்துத் தெருக்காரர் என்று நம்பிக் கையெழுத்து வாங்கினால் அவர் அடுத்த தொகுதி வாக்காளராக இருப்பார். ஆலங்குளம் இப்போது தென்காசி மாவட்டம். மக்களவைக்கு மட்டும் திருநெல்வேலித் தொகுதி. வாக்காளர் அட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டியல் திருத்தம் நடந்தால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறிவிடும். புதிய பட்டியலைத் திறந்து பத்துப் பேரின் எண்ணையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இரண்டாவது கைரேகை. கையெழுத்துப் போடத் தெரியாத முன்மொழிபவர் வீட்டில் வைத்து உருட்டிய ரேகை செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையிலோ, அதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலர் முன்னிலையிலோதான் அதை வைக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்களையும் வயலில் வேலை செய்பவர்களையும் நம்பி நிற்கும் வேட்பாளரை இந்த ஒரு விதி கவிழ்த்துவிடும்.

மூன்றாவது, கையெழுத்துப் போட்டவர் பின்வாங்குவது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாகத் தாக்கல் செய்த மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்து அல்ல என்று சொன்னதால் தள்ளுபடியானது. அத்தனை பேருக்குத் தெரிந்த முகத்துக்கே அந்த நிலை. இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது: ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். இரண்டு மனுவாவது, வேறு வேறு பத்துப் பேரை வைத்துக் கொடுங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. சொத்து இல்லையா, "இல்லை" என்று எழுதுங்கள். கேள்வி உங்களுக்கானது அல்லவா, "பொருந்தாது" என்று எழுதுங்கள். கோடு இழுத்து விடாதீர்கள். காலியிடம் வைத்த மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை, மனுக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்குங்கள்.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. பொது விடுமுறை அன்று கிடையாது. எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்பது அறிவிப்பில் இருக்கும். அதைப் படிக்காமல் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து தாலுகா ஆபீசுக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த நாள் போயிற்று. "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்று ஒரு மேசையில் சொல்வார்கள். அது கடைசி நாளாக இருந்தால் நாளை என்று ஒன்று இல்லை. கடைசி இரண்டு நாளை நம்பவே வேண்டாம். டெபாசிட்டுக்குக் காசோலை வாங்க மாட்டார்கள். ரொக்கம், அல்லது கருவூலத்தில் கட்டிய ரசீது.

மனுவைக் கொடுத்தவுடன், அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடுங்கள். பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். அன்று காலையில் ஓடிப்போய் எடுத்தால் செல்லாது. வேறு தொகுதி வாக்காளராக இருந்தால் உங்கள் பெயருள்ள பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகல் தேவை. எதைக் கொடுத்தீர்கள், எது குறை என்று அலுவலர் குறித்துத் தரும் சரிபார்ப்புப் பட்டியல் கையில் வராமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். அது உங்கள் உரிமை.

பரிசீலனைக்கு நீங்களே போங்கள். யாராவது ஆட்சேபம் சொன்னால் பதில் தர அவகாசம் கேளுங்கள்; சட்டம் அதற்கு இடம் தருகிறது. சிறு எழுத்துப் பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்பதும் சட்டம்தான், அதை வாய் திறந்து சொல்லுங்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நடுவில் எந்த நீதிமன்றமும் தேர்தலை நிறுத்தாது. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவது ஒன்றுதான் வழி.

மனு ஏற்கப்பட்ட பிறகு வீட்டு வாசலுக்கு ஆள் வரும், வாபஸ் வாங்கச் சொல்லி. 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. உங்களுக்கு விழும் நூறு ஓட்டு யாருடையது என்ற கணக்கு அவர்களுக்கு இருக்கிறது. வாபஸ் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சின்னம் வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் கிடைக்கும். இலையும் உதயசூரியனும் பல பத்தாண்டுகளாகச் சுவரில் இருக்கின்றன. உங்கள் சின்னத்தை ஊருக்குக் காட்ட ஏறக்குறைய இரண்டு வாரம். நீங்கள் கேட்ட சின்னத்தையே பதிவு பெற்ற சிறு கட்சி வேட்பாளர் ஒருவர் கேட்டால் அவருக்குத்தான் முன்னுரிமை. வாக்கு இயந்திரத்திலும் கட்சிகளுக்குப் பிறகே உங்கள் பெயர்.

ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை. 2021-ல் 234 இடங்களும் இரண்டு கூட்டணிகளுக்கே போயின. 2001-ல் ராதாபுரத்தில் அப்பாவு சுயேச்சையாக ஜெயித்தார். அவர் அதற்கு முன்பே அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் டெபாசிட் திரும்பும். 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-க்கு மேல் வேண்டும். கடன் வாங்கி டெபாசிட் கட்டாதீர்கள்.

தோற்றவர்களும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். பைசா செலவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரும். தேர்தல் முடிந்த களைப்பில் நம் ஆட்கள் விட்டுவிடுவது இதைத்தான். கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.