அந்தப் படத்தை வரைந்தது கம்பெனி இல்லை

மறுபடியும் ஒரு போர்ட்ஃபோலியோ. நடுவில் ஒரு பக்கம் முழுக்க டெர்ரி போகார்ட், எஸ்.என்.கே. என்ற ஜப்பானிய கேம் கம்பெனியின் சண்டை விளையாட்டு நாயகன். சிவப்புத் தொப்பி, கையில்லாத ஜாக்கெட், கன்னத்து எலும்பில் விழும் அந்த வெளிச்சம். கீழே, அனுப்பிய தம்பியின் வாட்டர்மார்க். மூலப் படத்தின் மேலேயே லேயர் போட்டு டிரேஸ் செய்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. பழகும்போது எல்லோரும் எதையாவது பார்த்துத்தான் வரைகிறோம். போனில் "ஒரிஜினல் யாரோடது?" என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல சார், கம்பெனி ஆர்ட்" என்றார்.

கேம் ஸ்டூடியோவின் ஆர்ட் டீமுக்கு ஆள் எடுப்பது என் வேலைகளில் ஒன்று. இந்தக் "கம்பெனி ஆர்ட்"டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காலேஜ் கேமிங் போட்டி போஸ்டர் அடிப்பவரும் இதைத்தான் சொல்கிறார், டி-ஷர்ட் பிரின்ட் போடுபவரும் இதைத்தான் சொல்கிறார். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல, எஸ்.என்.கே. வரைந்தது, அதன் போட்டிக் கம்பெனி கேப்காம் வரைந்தது.

அந்த டெர்ரியை வரைந்தவர் ஷின்கிரோ. இயற்பெயர் டோஷியாகி மோரி. தொண்ணூறுகளில் ஃபேட்டல் ஃப்யூரி, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங், கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் என்று எஸ்.என்.கே.யின் போஸ்டர்களிலும் அட்டைகளிலும் நாம் பார்த்த அந்த நிஜ மனித முகங்கள் பெரும்பாலும் அவர் கைவண்ணம். மற்றவர்கள் அனிமே பாணியில் பெரிய கண் வைத்துக்கொண்டிருந்தபோது, இவர் தோலில் எண்ணெய்ப் பளபளப்பையும் உதட்டின் கீழ் நிழலையும் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை "எஸ்.என்.கே. ஸ்டைல்" என்கிறார்கள். சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். 2000 வாக்கில் ஷின்கிரோ எஸ்.என்.கே.யை விட்டு கேப்காமுக்குப் போனார். அந்த முகம், அந்த வெளிச்சம், அந்த நிழல் எல்லாம் அவரோடு சேர்ந்து கிளம்பிவிட்டன. 2011-ல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3-இன் அட்டையை எடுத்துப் பாருங்கள், அதே கை. அப்படியென்றால் கம்பெனி ஸ்டைல் எங்கே போனது? இரண்டு கம்பெனிகளின் பாத்திரங்களும் மோதும் கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே. வரிசையில் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே சரிபார்க்கலாம். அங்கே ஷின்கிரோவும் வரைந்தார், கினு நிஷிமுராவும் வரைந்தார். கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் நாயகன் ரியூ, அதே வெள்ளை உடை, அதே சிவப்புத் தலைப்பட்டை. ஷின்கிரோவின் படத்தில் ரியூவை ஸ்டூடியோ விளக்கின் கீழ் நிற்கவைத்து எடுத்ததுபோல் இருக்கும். நிஷிமுராவின் படத்தில் வண்ணம் பூசிய கையின் வேகம் தெரியும், முகத்தில் ஒரு மென்மை இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே பாத்திரம், இரண்டு மனிதர்கள். கம்பெனிதான் வரைந்தது என்றால் அது எந்தக் கையால் வரைந்தது என்று கேட்கிறேன்.

கினு நிஷிமுரா ஒரு பெண் என்பதே பல பேருக்குத் தெரியாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்து விளம்பரப் படங்களில் அவர் கை இருக்கிறது. பிறகு 2009-ல் நிண்டெண்டோ டி.எஸ்.ஸுக்கு வந்த 999 என்ற புதிர்க் கதை விளையாட்டுக்கும் பாத்திரங்களை வடிவமைத்தார். அதற்கும் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை; முகத்தைப் பார்த்தால் மட்டும் கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் சண்டைக்காரி சுன்-லியை வடிவமைத்தவர் அகிமான், அதாவது அகிரா யசுதா. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1999-ல் கண்டம் (Gundam) என்ற ரோபோ அனிமேயின் தொடர் ஒன்றுக்குப் பாத்திரங்கள் வரைந்ததும் இதே ஆள்தான்.

பெயர்கள் ஏன் நமக்குத் தெரியாமல் போயின என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கால ஜப்பானியக் கம்பெனிகளுக்கு ஒரே பயம்: திறமையான ஆளைப் பக்கத்துக் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று. அதனால் விளையாட்டின் முடிவில் ஓடும் பட்டியலில் சொந்தப் பெயர் போடுவது குறைவு, புனைபெயர்தான். 1987-இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை இயக்கியவரும் திட்டமிட்டவரும் "பிஸ்டன் தகாஷி", "ஃபினிஷ் ஹிரோஷி" என்றுதான் வருகிறார்கள். (பயந்ததுபோலவே அந்த இருவரும் எஸ்.என்.கே.க்குப் போய் ஃபேட்டல் ஃப்யூரி செய்தார்கள். பெயரை மறைத்து என்ன பிரயோஜனம்?) ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவின் படங்களை வரைந்த பெங்கஸ் இன்னொரு படி மேலே. சி.ஆர்.எம்.கே. என்றும் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரே மனிதரை இரண்டு ஓவியர் என்று நினைத்து வாதாடியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இங்கே ஓவியர் பக்கம் இல்லை. ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டத்தில் 15-ஆம் பிரிவு, ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்து கம்பெனியின் பெயரில் வெளிவரும் படைப்புக்குக் கம்பெனியையே ஆசிரியராக எடுத்துக்கொள்கிறது. உரிமையாளர் மட்டுமில்லை, கவனியுங்கள், ஆசிரியரே கம்பெனிதான். நம் ஊரில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் இரக்கமுள்ளது. வேலையில் வரைந்ததன் உரிமை 17-ஆம் பிரிவின்படி பொதுவாக முதலாளிக்குப் போனாலும், "இதை நான்தான் வரைந்தேன்" என்று சொல்லும் உரிமையை 57-ஆம் பிரிவு வரைந்தவரிடமே விடுகிறது. இங்கே வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். சட்டமே பெயரைக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு, அந்த ஓவியர்களுக்கு மிஞ்சுவது ரசிகர்கள் எழுதும் பெயர் மட்டும்தான். அதையும் நறுக்கி எறிந்தால் எப்படி?

அடுத்த புலம்பல். "அட்டைப் படத்தை ஆள் வரைந்திருக்கலாம் சார், உள்ளே ஓடுவது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்தானே?" இல்லவே இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் உள்ளே ஓடுவதும் ஒவ்வொரு புள்ளியாக ஆள் வைத்ததுதான். ஒரு வண்ணத் தொகுதியில் 16 இடம். அதில் ஒன்று ஒளிபுகும் இடமாகப் போய்விடும், மிச்சம் 15. அந்தப் பதினைந்துக்குள் தோல், முடி, உடை, நிழல் எல்லாம் அடங்கவேண்டும். படங்கள் அத்தனைக்கும் சேர்த்து 6 எம்.பி. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு. அதற்குள் பன்னிரண்டு சண்டைக்காரர்கள், அவர்களின் ஒவ்வொரு குத்தும் உதையும், பின்னணியில் கைதட்டும் கூட்டம், விமானம், யானை எல்லாம். உருவங்களை 16-க்கு 16 கட்டங்களாக வெட்டி, எந்த மூலையில் எந்தக் கை, எந்த இடுக்கில் எந்தக் கால் என்று அடுக்கிப் பொருத்தினார்கள்.

இந்த அடுக்கும் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். முகப்பில் வரும் "வேர்ல்டு வாரியர்" என்ற துணைத் தலைப்பில் ஓர் ஆங்கில எழுத்து தப்பாகிவிட்டது. கண்டுபிடித்தபோது படங்களைச் சிப்பில் நிரந்தரமாகப் பதித்தாகிவிட்டது, இனி ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. எந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்று சொல்லும் நிரலை மட்டும்தான் மாற்றலாம். அகிமான் என்ன செய்தார்? சிப்பில் ஏற்கெனவே இருந்த எழுத்துக் கட்டங்களையே எடுத்து வேறு இடத்தில் வைத்தார். வேண்டாத பகுதி துருத்திக்கொண்டு நின்றது. அதை மறைக்க, கைல் (Guile) என்ற சண்டைக்காரனின் காலிலிருந்து ஒரு துணுக்கைக் கொண்டுவந்து ஒட்டினார். உலகமெல்லாம் காசு போட்டு ஆடிய அந்த முகப்பின் தலைப்பில் அமெரிக்கப் படை வீரன் ஒருவனின் கால் ஒளிந்திருக்கிறது. இதைக் கம்ப்யூட்டர் செய்ததாம்.

மார்ட்டல் காம்பாட் என்ற அமெரிக்கச் சண்டை விளையாட்டைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்காதீர்கள். அதில் நடிகர்களைப் படம்பிடித்துப் போட்டது உண்மை. ஆனால் 1992-இல் அந்த உலகத்தையும் ஆட்களையும் எட் பூனோடு சேர்ந்து உருவாக்கிய ஜான் டோபியாஸ் ஒரு காமிக்ஸ் ஓவியர். விளையாட்டை ஒட்டி வந்த காமிக்ஸையும் அவரே வரைந்தார். நம் ஊர்க் கடைகளில் காயின் போட்டு "முஸ்தபா கேம்" ஆடியவர்களுக்கும் ஒரு தகவல்: 1993-இல் வந்த அந்தக் கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸின் உலகம் மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியருடையது. அது சண்டைப் போட்டி வகை இல்லை, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இப்போது என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது.

முதலில், படத்தை நறுக்காதீர்கள். கையெழுத்து பெரும்பாலும் காலடியிலோ ஓரத்திலோ இருக்கும்; சதுரமாக வெட்டும்போது அதுதான் முதலில் போகிறது.

ஏ.ஐ. போட்டுப் பெரிதாக்காதீர்கள். பெங்கஸின் கோடு ஓரிடத்தில் தடித்து, முட்டியில் திரும்பும்போது மெலிந்து, கைமுஷ்டியில் மறுபடி பருக்கும். மெஷின் அதையெல்லாம் வழித்து ஒரே தடிமனாக்கி, மேலே பிளாஸ்டிக் பூச்சு பூசித் தருகிறது. கையெழுத்து இருந்தால் அது புழு நெளிந்ததுபோல ஆகிவிடும். "எச்.டி. ஆக்கிட்டேன் சார்" என்று பெருமையாக அனுப்புகிறீர்கள். ஐயா, நீங்கள் அனுப்பியது வேறு படம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் விகிதம் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய சர்க்யூட் போர்டு வெளியிடும் படம் 384-க்கு 224 புள்ளி. ஆனால் அது 4-க்கு 3 என்ற பழைய டிவி விகிதத்தில் ஓடவேண்டியது. வரைந்தவர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் அகலமாக வைத்தார்கள். எமுலேட்டரிலிருந்து (பழைய விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, "பழைய கேம்ல எல்லாரும் குண்டா இருக்காங்க, அனாட்டமி தெரியல" என்று விமர்சனமும் எழுதுகிறீர்கள். வரைந்தவருக்கு அனாட்டமி தெரியும். உங்கள் செட்டிங்ஸ்தான் தப்பு.

பழைய சண்டை விளையாட்டுப் படம் என்றாலே அகிமான் என்று எழுதுவதையும் விடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்டு ஸ்ட்ரைக் என்றால் டைகோ இகெனோ. சாமுராய் ஷோடவுனின் தூரிகைப் படங்கள் என்றால் எய்ஜி ஷிரோய். கில்டி கியர் என்றால் டைசுகே இஷிவாதாரி. அவர் படமும் வரைந்து, இசையும் போட்டு, நாயகனுக்குக் குரலும் கொடுத்தார், அவரையாவது மறக்காமல் இருக்கலாம். அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் அட்டை ஜப்பானியர் வரைந்ததே இல்லை, அது மிக் மெக்கின்டி என்ற அமெரிக்க ஓவியர். அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அவர் பெயரை முதன்முதலில் கேட்டது 2021-இல் அவர் இறந்த செய்தியில்தான்.

மாணவர்களே, உங்களிடம் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். பார்த்து வரையுங்கள், நிறைய வரையுங்கள். ஷின்கிரோவின் ஒரு முகத்தை எடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். டிரேஸ் செய்தால் கோடுதான் வரும், அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது வராது. அப்புறம் படத்தின் கீழே "ஷின்கிரோ வரைந்ததைப் பார்த்து, பயிற்சிக்காக" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி உங்கள் மதிப்பைக் குறைக்காது. யாரைப் பார்த்துக் கற்கவேண்டும் என்று தெரிந்த ஆள் என்று நான் குறித்துக்கொள்வேன். வாட்டர்மார்க் போட்டு அனுப்பினால் அடுத்த பக்கத்தைத் திருப்பமாட்டேன்.

போட்டி நடத்துபவர்களுக்கு: போஸ்டருக்குப் பழைய படத்தைத் தூக்கிப் போடுவதைவிட, ஊரிலேயே வரைகிற பிள்ளை ஒன்றுக்குக் காசு கொடுத்துப் புதிதாக ஒன்று வரையச் சொல்லுங்கள். அதன் பெயரையும் போஸ்டரில் போடுங்கள், ஸ்பான்சர் லோகோவுக்குக் கீழே எறும்பு சைஸில் இல்லாமல்.

பழைய படம் ஒன்று கையில் இருக்கிறது, யார் வரைந்தது என்று தெரியவில்லையா? முதலில் ரிவர்ஸ் இமேஜ் தேடிப் பாருங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். முழுப் படமாக அனுப்புங்கள். ஓரம் வெட்டியதை அனுப்பாதீர்கள்.