சர்ஜரிக்கு முன் சாட்பாட்டிடம் எதைக் கேட்பது, எதை விடுவது?

காஸ்மெடிக் சர்ஜரிக்கு வருபவர்களில் பலர் இப்போது ஏஐ சாட்பாட்டிடம் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள். நல்லதுதான். லைப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சர்ஜரி) எடை குறைக்கும் சிகிச்சை அல்ல, மூக்கு சர்ஜரிக்குப் பின் நுனி வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு கூட ஆகலாம், மார்பக இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வராது என்பதையெல்லாம் அது பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவர் உங்களைக் கேள்வி கேட்பார். சாட்பாட் பெரும்பாலும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. "எத்தனை மணி நேரம் சாப்பிடக் கூடாது?" என்றால், லேசான உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று வரும். பொதுவாகச் சரியான பதில். ஆனால் எடை குறைக்க செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொள்வதை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கம் கொடுக்கும்போது மிச்ச உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நிகோடினும் இப்படித்தான். சிகரெட்டை விட்டுவிட்டு நிகோடின் சூயிங்கம் மெல்பவர் "புகைப்பழக்கம் இல்லை" என்றே தட்டுவார். எந்த வழியில் உள்ளே போனாலும் நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்கும். வயிற்றுத் தோலையோ முகத் தோலையோ பிரித்து, இழுத்துத் தைக்கும் சர்ஜரிகளில் தோலின் ஓரம் கறுத்து அழுகிப்போக இது முக்கியக் காரணம். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிகோடினே கூடாது.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "இந்த சர்ஜரிக்கு முன் டாக்டர் என்னிடம் என்னவெல்லாம் கேட்பார்? ஒவ்வொன்றாகக் கேள்" என்று எழுதுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, காலில் ரத்தம் கட்டிய வரலாறு, இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பதில்களைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஒப்புதல் படிவத்தில் புரியாத பத்தியையும், பெயரை நீக்கிவிட்டு, எளிமையாக விளக்கச் சொல்லலாம். எண்களை மட்டும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மருந்தை நிறுத்துவதை மட்டும் அதனிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இதய ரத்தக் குழாயில் அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஆஸ்பிரினை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

முகப் படத்தை ஏற்றி "சர்ஜரிக்குப் பின் எப்படி இருப்பேன்?" என்று வரையச் சொல்வதும் வேண்டாம். உங்கள் தோலின் தடிமனும் குருத்தெலும்பின் பலமும் அதற்குத் தெரியாது. தடித்த தோலுள்ள மூக்கில் படத்தில் வரும் கூர்நுனியைக் கொண்டுவருவது மிகக் கடினம். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தால் ஆலோசனையின்போதே காட்டிவிடுங்கள். எது முடியும், எது முடியாது என்று மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள்.