டைட்டன்: கடிகாரம், அசுரன், பூதம்

டைட்டன் என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கைக்கடிகாரம். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது, தொழிற்சாலை ஓசூரில். டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதிலிருந்து ‘டிஐ’, தமிழ்நாடு என்பதிலிருந்து ‘டேன்’ என்று ஆங்கில எழுத்துகளை ஒட்டிச் செய்த பெயர். ஆக, நம் கையில் கட்டியிருக்கும் டைட்டனில் பாதி தமிழ்நாடு.

நான் சொல்ல வந்தது வேறு டைட்டன். ‘வார்ஹாமர் மன்த்லி’ என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழில் டான் ஆப்னெட் எழுதி வந்த ‘டைட்டன்’ தொடரை ஒருவர் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால், தலைப்பிலேயே மாட்டிக்கொள்வார். கதையில் டைட்டன் என்பது பல மாடி உயரத்துக்கு, இரண்டு காலில் நடக்கும் போர் இயந்திரம். உள்ளே ஒரு தளபதி, ஆயுதங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், உலையைக் கவனிக்க ஒரு ‘இயந்திரப் பூசாரி’. தளபதியின் மூளைக்கும் இயந்திரத்துக்கும் நேரடி இணைப்பு உண்டு. அவர் நினைத்தால் அது நடக்கும். அதன் வெறியும் அவருக்குள் இறங்கும்.

இந்த இயந்திரங்கள் காமிக்ஸுக்கு முன்பே மேசைமேல் நடமாடியவை. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் ‘வார்ஹாமர் 40,000’ என்ற பொம்மைப்படைப் போர் விளையாட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே டைட்டன்களுக்கென்று ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ என்ற தனிப் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் இருந்த பொம்மைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொம்மைகள் நின்றால் யாரோடு யார் சண்டை போடுவது? சரி, உள்நாட்டுப் போர் என்று வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் பல பத்து நாவல்களாக விரிந்த ‘ஹோரஸ் கலகம்’ இந்தச் சிக்கனத்தில் முளைத்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், மூலப் புராணமும் ஒரே வீட்டுச் சண்டைதான். கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்லும் கதைப்படி, வானத்துக்கும் பூமிக்கும் பிறந்த மூத்த தெய்வங்கள் டைட்டன்கள். ஆண் ஆறு, பெண் ஆறு. அவர்களில் இளையவன் குரோனஸ் அப்பனை வீழ்த்தினான். குரோனஸை அவன் மகன் சியூஸ் வீழ்த்தினான். அந்தப் போர் பத்து ஆண்டு நடந்தது. தோற்றவர்கள் பாதாளத்தில் அடைபட்டார்கள். டைட்டன் என்ற பெயரை வைத்ததே அவர்களின் அப்பனான வானம்தான், எட்டாததற்கு ‘எக்கியவர்கள்’ என்று திட்டி வைத்த பெயர் என்கிறார் ஹீசியட். கிரேக்கத்தில் அந்த வினையும் டைட்டன் என்ற பெயரும் ஒலியில் நெருக்கம். மற்றபடி இது கவிஞரின் சொல்விளையாட்டு, வேர்ச்சொல் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு ‘மிகப் பெரியது’ என்ற பொருள் மட்டும் பிரிந்து கப்பலுக்கும் சனிக்கோளின் பெரிய நிலாவுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் முதலில் தோன்றுவது ‘அசுரன்’. இதற்குப் பெரிய ஆள் துணை இருக்கிறது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1935இல் எழுதிய கட்டுரையொன்றில் தேவரை ஏஞ்சல் என்றும் அசுரரை டைட்டன் என்றும்தான் ஆங்கிலமாக்கினார். தேவரும் அசுரரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்பதால் உறவுமுறையும் பொருந்துகிறது. புராண டைட்டனுக்கு நான் தயங்காமல் அசுரன் என்றே போடுவேன். ஆனால் காமிக்ஸ் டைட்டனுக்கு ஆகாது. அசுரன் தவம் செய்வான், வரம் கேட்பான், யார் பேச்சையும் கேட்க மாட்டான். இதுவோ உள்ளே ஆள் ஏறினால்தான் அசையும்.

அடுத்தது ‘ராட்சத’. ராட்சத கிரேன், ராட்சத அலை, ராட்சத குழாய் என்று செய்தித்தாள்கள் தேய்த்துத் தேய்த்து அதில் இப்போது அளவு மட்டும்தான் மிச்சம். மேலும் ‘ராட்சதப் போர் இயந்திரம்’ என்று எழுதினால் வசன பலூனுக்குள் அடங்காது. காமிக்ஸில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பிடித்தது ‘பூதம்’. வடமொழி வழி வந்த சொல்தான், ஆனால் நம்மிடம் தங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. மிகப் பெரியதைப் பூதாகரம் என்கிறோம். டைட்டானிக் என்பதற்கு இதைவிட நெருக்கமான பேச்சுவழக்கு கிடையாது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது: ‘காதம் நான்கும் கடுங்குரல் எடுப்பிப் பூதம் புடைத்துணும் பூத சதுக்கம்’. நான்கு காதத்துக்குக் கேட்கக் குரலெடுக்கும் பூதத்தைப் படிக்கும்போது, போர்க்களம் அதிர ஊதும் டைட்டன்களின் கொம்பு காதில் விழுகிறது. மந்திரவாதி ஏவும் பூதத்தின் கதையும் தெரிந்ததே. வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஏவினவனையே விழுங்கும்.

இயந்திரம் என்பதைக் காட்ட முன்னால் ‘பொறி’ சேர்க்கலாம். அதே சிலம்பு மதுரைக் கோட்டையின் காவல் கருவிகளை அடுக்கும்போது ‘வளைவிற் பொறியும் கருவிரல் ஊகமும்’ என்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் பொறி ஒன்று. கரிய விரல்கொண்ட குரங்கு உருவில் செய்து, கோட்டையை நெருங்குபவர்களைப் பிடிக்கும் பொறி இன்னொன்று. உயிர் வடிவில் போர் இயந்திரம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. ஆகவே, பொறிப்பூதம்.

மிச்சம் அதன் தளபதி. விளையாட்டில் அவருக்கு ‘பிரின்செப்ஸ்’ என்று பட்டம்; ரோமில் அகஸ்டஸ் தனக்கு வைத்துக்கொண்ட இலத்தீன் சொல். நேர்ப்பொருள் முதல்வர். ஆனால் ‘முதல்வர் பொறிப்பூதத்தில் ஏறினார்’ என்று எழுதினால் வாசகர் மனம் நேரே சென்னைக் கோட்டைக்குப் போய்விடும். யானைக்கும் தேருக்கும் நாம் வைத்திருக்கும் சொல்லே போதும்: பாகன். மதம் பிடித்தால் பாகன் பாடு என்ன என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தொடரின் நாயகப் பாகன் பெயர் எர்வின் ஹெகேட். கிரேக்கப் புராணத்தில் ஹெகேட் டைட்டன் வழியில் வந்தவள். பழைய தெய்வங்கள் தோற்ற பிறகும் சியூஸ் அவள் பங்கைப் பறிக்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம்.