சிறுகோள்: சொல் விளக்கம்

சிறுகோள்: சூரியனைச் சுற்றிவரும், கோள் என்று சொல்லும் அளவுக்கு வளராத பாறை. 'ஆஸ்டிராய்டு' என்பதற்கு உரிய தமிழ்ச்சொல் இதுவே.

ஆஸ்டிராய்டு என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கு 'விண்மீன் போன்றது' என்று பொருள். சிசிலித் தீவின் பலெர்மோவில் 1801 ஜனவரி 1 அன்று வானியலாளர் பியாசி, சீரிஸ் என்ற புதிய விண்பொருளைக் கண்டார். மறு ஆண்டு பல்லாஸ் என்ற இன்னொன்று அகப்பட்டது. எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் இரண்டும் வட்டாகத் தெரியாமல் புள்ளியாகவே இருந்ததால், 1802இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இப்பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். அது தோற்றத்துக்கு இட்ட பெயர். தமிழ்ச்சொல் பொருளின் இயல்பையே சொல்கிறது. அந்த வகையில் மூலத்தைவிடத் துல்லியமானது.

'கொள்' என்னும் வினை நீண்டு 'கோள்' ஆயிற்று. சங்கப் பாடல்கள் நாள்மீனையும் (நட்சத்திரம்) கோள்மீனையும் (கிரகம்) பிரித்தே பேசுகின்றன. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தில், ஒன்பது கோள்களுக்கான கற்களில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடமுண்டு. விண்மீன்களுக்கிடையே நகர்வதெல்லாம் கோள் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கிலும் சிறுகோள் கோள்தான்.

விண்கல் என்று இதைச் சொல்வது பிழை. தரையில் வந்து விழுந்த கல்லே விண்கல். காற்றில் எரிந்து கோடிழுப்பது எரிமீன். வெஸ்டா சிறுகோள், அதிலிருந்து சிதறிப் பூமியில் விழுந்த துண்டு விண்கல். குறுங்கோள் என்பதைப் புளூட்டோ வகைக்கு விட்டுவிடலாம்.

சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861இல் கண்ட 67 ஆசியா, 1864இல் கண்ட 80 சாஃபோ இரண்டும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் உட்பகுதியைச் சேர்ந்தவை. பூமி–சூரியன் தொலைவைப்போல் 2.5 மடங்கில் அந்த உட்பகுதி முடிகிறது. அங்கே இருக்கும் பாறை மூன்று சுற்று வரும்போது வியாழன் சரியாக ஒரு சுற்று வரும். வியாழனின் ஒரே இழுப்பு திரும்பத் திரும்ப விழுந்து பாதை குலைவதால் அவ்விடம் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. சாஃபோ 2.3 மடங்குத் தொலைவில், மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது.

சாஃபோவைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். அதே உட்பகுதியிலுள்ள வெஸ்டாவுக்கு 10 மடங்கு பைனாகுலர் போதும். பதினாறு, பதினேழு மாதத்துக்கு ஒருமுறை அது சூரியனுக்கு நேரெதிரே வரும்போது, தொண்டி, தேவிபட்டினம் போன்ற கிழக்கு நோக்கிய கரைகளில் பொழுது சாயும் நேரத்தில் கடல்மேல் எழும். எழுந்ததும் தேடினால் ஏமாற்றம்தான்: அடிவான ஈரப்புகை மங்கலாக்கும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் 30 பாகை ஏறிவிடும். வான்படத்தில் இடத்தைப் பார்த்து, சுற்றியுள்ள புள்ளிகளை வரைந்துகொள்ளுங்கள். மறுநாள் கால் பாகை நகர்ந்திருக்கும் புள்ளியே வெஸ்டா. லென்ஸில் உப்புப்பனி படிந்தால் உலர்துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். வாலைவடிநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுங்கள்.